தேதி விற்கும் தொழில்: மலையில் இருந்தபடியே மியூசிக் ஏஜென்ட் ஆகலாமா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டியை (படுகர் ஊர்) சேர்ந்தவள் நான். பி.காம். முடித்துவிட்டு, குன்னூரில் ஒரு ரிசார்ட்டின் ரிசப்ஷனில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சித்தப்பா மகன் நான்கு நண்பர்களோடு பேண்டு வைத்திருக்கிறான். படுகப் பாட்டு, சினிமாப் பாட்டு இரண்டும் உண்டு. போன வருடம் அவர்களுக்கு ஆறேழு நிகழ்ச்சிகள் பிடித்துக் கொடுத்தேன். இதையே தொழிலாகச் செய்யலாமா? இதற்குப் படிப்பு வேண்டுமா, சென்னைக்குப் போக வேண்டுமா? தம்பியிடம் கமிஷன் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எவ்வளவு கேட்பது?

பதில்: செய்யலாம். ஆனால் பாட்டை விற்கப் போகிறோம் என்று நினைத்து இறங்காதீர்கள். ஏஜென்ட் விற்பது தேதி. மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்று சும்மா கழிந்துவிட்டால், அதை ஜூனில் பாதி விலைக்குக்கூட விற்க முடியாது. பறிக்காமல் முற்றவிட்ட கொழுந்தை எந்தத் தொழிற்சாலை எடுக்கும்? மலையில் நல்ல தேதிகள் ஏப்ரல், மே, இரண்டாவது சீசனான செப்டம்பர், அக்டோபர், அப்புறம் டிசம்பர் கடைசி வாரம், அவ்வளவுதான். மற்ற மாதங்களுக்குக் கீழே இறங்கி மேட்டுப்பாளையம், கோவை, திருப்பூர் கல்யாணங்களைப் பிடிக்க வேண்டும். உங்கள் வருமானம் நிற்பதும் விழுவதும் ஜூலை, ஆகஸ்டில்தான்.

கூச்சத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் இசை ஏஜென்டுக்கென்று தனி லைசென்ஸ் இல்லை. கமிஷன் இவ்வளவு என்று சட்டமும் சொல்லவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லைசென்ஸ் இல்லாதவர் கலைஞருக்கு வேலை பிடித்துத் தரக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது. அந்த நாட்டிலும் எல்விஸ் பிரெஸ்லியின் மானேஜர் டாம் பார்க்கர் 1967 முதல் சில வருமானங்களில் பாதியை எடுத்துக்கொண்டார், பிறகு கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டி வந்தது. நிகழ்ச்சி பிடித்துத் தருவது மட்டும் என்றால் 10%, கூடவே விளம்பரம், யூடியூப், பயணம் எல்லாம் பார்ப்பதென்றால் 15 முதல் 20% வரை கேட்பது வழக்கம். சதவீதத்தைவிட, எந்தத் தொகைக்குச் சதவீதம் என்பதில்தான் சண்டை வரும்.

ஒரு கணக்கு போடலாம். ரிசார்ட் 60,000 ரூபாய் தருகிறது. வேனுக்கு 8,000, சவுண்ட் வாடகை 12,000 போனால் மிச்சம் 40,000. மொத்தத் தொகைக்கு 15% எடுத்தால் உங்களுக்கு 9,000, வாசித்த ஐந்து பேருக்கும் ஆளுக்கு 6,200. போனில் பேசினவருக்கு டிரம்ஸ் சுமந்தவனைவிட அதிகம்! மூன்றாவது நிகழ்ச்சிக்குள் முகம் மாறிவிடும். செலவு போக மிச்சத்துக்கு 15% என்றால் உங்களுக்கு 6,000, அவர்களுக்கு ஆளுக்கு 6,800. இதைத் தைரியமாகக் கேட்கலாம், தம்பியிடமும்தான். ஆனால் ‘பதிவுக் கட்டணம்’, ‘போர்ட்ஃபோலியோ செலவு’ என்று கலைஞரிடம் முன்கூட்டிப் பணம் வாங்காதீர்கள். வேலை பிடித்துக் கொடுத்த பிறகு அதிலிருந்து பங்கு எடுப்பவர்தான் ஏஜென்ட்.

பில் யார் பெயரில் என்பதை பி.காம். படித்த நீங்கள்கூடக் கோட்டை விடலாம். ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால், ரிசார்ட் போன்ற நிறுவனங்கள் கலைஞர் தொகையில் பொதுவாக 10% டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடிக்கும். கல்யாண வீட்டார் பிடிப்பதில்லை. உங்கள் பெயரில் பில் போட்டால் 60,000 முழுவதும் உங்கள் பான் எண்ணில் வருமானமாக ஏறும். ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்ச வரம்பும் சீக்கிரம் நெருங்கிவிடும். பேண்டு தன் பெயரில் பில் போடட்டும், நீங்கள் கமிஷனுக்கு மட்டும் தனி பில் கொடுங்கள். நாட்டுப்புற, சாஸ்திரிய இசைக் கலைஞர்கள் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்வரை வாங்கினால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. உங்கள் கமிஷனுக்கு அந்த விலக்கு கிடையாது.

அப்புறம் காகிதம். ஒரு வருடம் டிசம்பர் 31-க்கு ஊட்டியில் ஒரு ஹோட்டல் வாய்வார்த்தையாகத் தேதி சொன்னது. அதை நம்பி கோவையிலிருந்து வந்த இன்னொரு கேட்பை விட்டேன். 29-ஆம் தேதி சாயந்திரம் ‘டிஜே போட்டுக்கிறோம் சார்’ என்று போன். ஆறு கலைஞர்களுக்கு என் கைக்காசுதான் போனது. அன்றிலிருந்து பாதி முன்பணம் வந்தால்தான் என் டைரியில் தேதியைப் பேனாவால் எழுதுவேன், அதுவரை பென்சில்.

தம்பியின் பேண்டோடும் ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள்: ஒரு வருடம், எவ்வளவு கமிஷன், எத்தனை நாள் நோட்டீஸில் பிரியலாம். பிரிந்த பிறகும் என் வழியாகத்தான் போக வேண்டும் என்று எழுதாதீர்கள். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஏஜென்சி அப்படிக் கட்டிப்போட முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சினிமாப் பாட்டு மேடையில் வாசிப்பதற்கு, கவிஞர்கள், இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் சங்கமான ஐபிஆர்எஸ் தரும் லைசென்ஸ் நிகழ்ச்சி நடத்துபவர் பொறுப்பு என்று ஒப்புதல் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். தம்பி சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டுப் போடுகிறான் என்றால் அவனையும் அதே சங்கத்தில் உறுப்பினராக்குங்கள். ஒலிப்பதிவில் சேர்ந்த பாட்டுக்குக் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் வர வேண்டிய ராயல்டியை லேபிளுக்கு (பாட்டு வெளியிடும் கம்பெனிக்கு) எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் காப்பாற்றுகிறது. யூடியூப் சேனல்காரர் ஐயாயிரம் கொடுத்து ‘எல்லா உரிமையும்’ என்று கையெழுத்துக் கேட்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

சென்னை? இப்போது வேண்டாம். இந்த மலையில் ஒரு நிகழ்ச்சி எப்படியெல்லாம் கெடும் என்பது சென்னை ஏஜென்டுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், அதற்குத்தான் காசு. திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. புல்வெளி நிகழ்ச்சியை ஒன்பதுக்கு ஆரம்பிக்கலாம் என்கிற ரிசார்ட் மானேஜரிடம் ஏழு என்று அடித்துச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் மேலே வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம். கோவை சவுண்ட்காரர் கல்லாறு சோதனைச் சாவடியில் நிற்பதும் நிற்காததும் உங்கள் கையில். மைசூரிலிருந்து ஆள் வந்தால், பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அன்றிரவு தங்க அறை கேட்டு வாங்குங்கள். கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில்தான் கனமழை. மழை வந்தால் உள்ளரங்கு எது என்று, இடம் மலையின் எந்தப் பக்கச் சரிவில் என்பதைப் பார்த்துக் கேட்க வேண்டும். பனிமூட்டத்தில் தபேலா, மிருதங்கத் தோல் தளர்ந்துவிடும். இரண்டு மணி நேரம் முன்னால் மேடைக்கு வந்தாக வேண்டும்.

படிப்புக்கென்று பட்டம் தேவையில்லை. ஒரு சீசன் கோவையில் ஏதாவது சவுண்ட் கம்பெனியோடு சுற்றுங்கள். கேபிள் சுருட்டத் தெரிந்த ஏஜென்டை மேடைக்காரர்கள் ஏமாற்ற மாட்டார்கள்.

இன்னொன்றும் வரும். ‘கேம்ப் ஃபயருக்கு டிரைபல் மியூசிக் கிடைக்குமா?’ என்று விருந்தினர் கேட்பார்கள். நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் கொல் என்கிற ஊதுகருவி, தப்பட்டை இசையில் கோயிலுக்கென்றும் சாவுக்கென்றும் தனித்தனி மெட்டுகள் உண்டு. எல்லாமே மேடைக்கு வருவதில்லை. எதை வாசிக்கலாம் என்பதை அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லட்டும், பணம் நேராக அவர்கள் கைக்குப் போகட்டும். மறுத்துவிட்டால் விருந்தினரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். இந்த வேலையில் நான் கமிஷன் எடுப்பதில்லை. நீங்கள் எடுப்பது உங்கள் மனசு.

ரிசார்ட் வேலையை இப்போதே விடாதீர்கள். ஒரு ஜூலை, ஆகஸ்டைக் கமிஷனை மட்டும் வைத்து ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். அதுவரை உங்கள் ரிசார்ட்டிலேயே தம்பியின் பேண்டு வாசித்தால், அந்த நிகழ்ச்சிக்குக் கமிஷன் எடுக்காதீர்கள். அவன் உங்களுக்கு என்ன உறவு என்பதையும் மானேஜரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.