தொட்டித் தண்ணீர் முதல் இட்லி மாவு வரை: வாசகர்களின் அமில-காரக் கேள்விகள்

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 8.2. மல்லிகைக்குப் பாய்ச்சும் முன் தொட்டியில் ஆசிட் கலந்து 6.5க்கு இறக்குகிறேன். மறுநாள் காலை 7.5ஐத் தாண்டி நிற்கிறது. பி.எச். மானி பழுதா? (உசிலம்பட்டி வாசகர்)

பாவம், மானியைத் திட்டாதீர்கள். இது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்ற கார உப்பின் வேலை. நீங்கள் ஊற்றிய அமிலம் அதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அந்த வாயு தண்ணீருக்குள் இருக்கும் வரை புளிப்பும் இருக்கும். இரவோடு இரவாக அது வெளியேறிவிட, எண் ஏறிக்கொள்கிறது. திறந்து வைத்த கோலி சோடாவின் சுள்ளென்ற ருசி போவதும் இப்படித்தான்.

ஆசிட் வீணாகவில்லை, பைகார்பனேட்டில் ஒரு பங்கு தீர்ந்திருக்கும். எவ்வளவு மிச்சம் என்பதை பி.எச். சொல்லாது. இரண்டு கிணறுகளும் 8.2 காட்டலாம், ஒன்றை இறக்க ஒரு குவளை ஆசிட் போதும், மற்றொன்று ஒரு வாளி கேட்கும். ஆகவே பரிசோதனைக்குக் கொடுக்கும்போது, அந்த மிச்சத்தைக் காட்டும் ‘மொத்தக் காரத்தன்மை’யையும் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், மானி வாங்கும் முன்பே அதைச் செய்திருக்க வேண்டும்.

கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், கார மண்ணில் இரும்புச்சத்து கரையாமல் கிடக்கிறது என்று பொருள். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளியுங்கள். சுண்ணாம்பு காரத்தை இன்னும் ஏற்றும், அதைப் போடச் சொல்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். இன்னொன்று: தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

சித்திரை வெயிலில் இட்லி மாவு மாலைக்குள் வாய் கூசப் புளிக்கிறது. ஆப்பசோடா போடலாமா? (செல்லூர் வாசகி)

ஒரு சிட்டிகை போடலாம். லாக்டிக் அமிலத்தின் ஒரு பகுதியை அது முறிக்கும்; எழும் வாயுவால் இட்லியும் உப்பும். கை தாராளமானால் சவர்க்கார வாடை வரும். பொங்கியதும் ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. குளிரில் பாக்டீரியா மந்தமாகும். ஆனால் ஏறிய புளிப்பு இறங்காது.

பி.எச். 4 என்பது 5ஐவிடக் கொஞ்சம்தான் அதிகப் புளிப்பா? வீட்டிலேயே மஞ்சள்தூள் பூசிய தாளால் அளக்க முடியுமா? (திருமங்கலம் மாணவர்)

பத்து மடங்கு, தம்பி. 6ஐவிட நூறு மடங்கு. 1909இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் இருந்த வேதியியலாளர் சோரன்சென் இந்த அளவுகோலை வகுத்தார். புளிப்பைக் குறிக்க நீள நீளமான தசம எண்களை எழுதும் வேலை அதோடு மிச்சம்.

மஞ்சள் தாள் எலுமிச்சைச் சாற்றுக்கும் நல்ல தண்ணீருக்கும் ஒரே முகம்தான் காட்டும். சுண்ணாம்பு பட்டால் மட்டும் சிவக்கும். குங்குமத்தின் சிவப்பு அப்படி வந்ததுதான். நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவையுங்கள். அந்தச் சாறு அமிலத்தில் ஊதாவாகும், காரத்தில் பச்சையாகும்.

குளியலறை உப்புக்கறைக்கு ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்க்கலாமா? (கே.கே. நகர் வாசகர்)

கூடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கறைக்கு வினிகரை ஊற்றிச் சற்று ஊறவிட்டுத் தேயுங்கள். மார்பிள் தரையாக இருந்தால் அதுவும் வேண்டாம். கறையைப் போலவே மார்பிளும் கால்சியம் கார்பனேட், அதையும் சேர்த்தே அரித்துவிடும்.