விழும் இடத்தையும் பாருங்கள்

கேள்வி: சீனாவின் லாங் மார்ச் 5 ராக்கெட் 25 டன் தூக்குகிறதாம். பழைய ராக்கெட்டையே பெரிதாக்கிவிட்டு ‘புதிய தலைமுறை’ என்கிறார்கள். இதில் கொண்டாட என்ன இருக்கிறது?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பெரிதாக்க முடியாமல்தானே இத்தனை காலம் தவித்தார்கள்! எதிரி தாக்குதலிலிருந்து பாதுகாப்புக்காக, கடலை விட்டு வெகுதூரம் தள்ளி, மலைகளுக்கு நடுவே சிச்சாங் போன்ற ஏவுதளங்களைக் கட்டினார்கள். ராக்கெட் ரயிலில்தான் போயாக வேண்டும். வழியில் சுரங்கப்பாதைகள். அதனால் 3.35 மீட்டர் குறுக்களவைத் தாண்ட முடியவில்லை. லாங் மார்ச் 5-க்கு 5 மீட்டர். துறைமுக நகரான தியான்ஜினில் செய்து, கப்பலில் ஏற்றி, ஹைனான் தீவிலுள்ள வென்சாங் ஏவுதளத்துக்குக் கொண்டுபோகிறார்கள். 2016-இல் முதல் முறை பறந்தது, 2017-இல் தோற்றது. ஹைட்ரஜன் எஞ்சினுக்குள் எரிபொருளைத் தள்ளும் டர்போபம்பைச் சரிசெய்து மறுபடி ஏவ 2019 டிசம்பர் ஆகிவிட்டது. பழையதை ஊதிப் பெரிதாக்கியிருந்தால் இந்தப் பாடு எதற்கு?

சரி, எடையை விடுங்கள். கீழே இருக்கிற மனிதர்களைப் பாருங்கள். பழைய லாங் மார்ச்களில் ஊற்றுவது ஹைட்ரசீன் வகை எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும். இரண்டுமே கொடிய விஷம். 1996 பிப்ரவரியில் சிச்சாங்கில் கிளம்பிய ராக்கெட் சில விநாடிகளிலேயே சாய்ந்து மலையில் மோதியது. அரசுக் கணக்குப்படியே 6 பேர் இறந்தார்கள். ஒழுங்காகப் பறந்தாலும் கழன்று விழும் முதல் அடுக்கு ஊர்ப்பக்கம்தான் வருகிறது. 2024 ஜூனில் குய்ஜோ மாகாணத்தில் விழுந்ததை வீடியோவில் பார்த்தேன். செம்மஞ்சள் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு உருளை இறங்குகிறது, ஜனங்கள் ஓடுகிறார்கள். மனசு பதறியது.

புதிய ராக்கெட்டுகளான லாங் மார்ச் 5, 7 இரண்டின் பூஸ்டர்களும் (பக்கவாட்டில் கட்டிய துணை ராக்கெட்டுகள்) மண்ணெண்ணெயிலும் திரவ ஆக்சிஜனிலும் ஓடுகின்றன. வென்சாங்கில் ஏவினால் அவை கடலில் விழும். நான் கொண்டாடுவது இதைத்தான்.

அதற்காக எல்லாவற்றுக்கும் கைதட்ட மாட்டேன். லாங் மார்ச் 5-இன் 5பி ரகத்தை 2020 முதல் 2022 வரை ஏவியபோது நடு அடுக்கே சுற்றுப்பாதை வரை போய்விட்டது. 20 டன்னுக்கு மேல் எடையுள்ள அது, பிறகு எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 2021 மே மாதம் மாலத்தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. இவ்வளவு திறமை உள்ளவர்கள் அதைக் கட்டுப்பாட்டோடு இறக்க வழி செய்யாதது பொறுப்பின்மை. அப்புறம், பழைய ராக்கெட்டுகளுக்கும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. ஏவும் நாளில் அவை விழக்கூடிய பகுதிகளில் இருப்பவர்கள் இப்போதும் வீட்டைவிட்டு வெளியேறி நிற்கிறார்கள்.