முகலாயர் படை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பானிபட்டில் பாபர் ஜெயித்தது பீரங்கியால்தானா?

பதில்: பீரங்கிக்குப் பங்கு உண்டு, ஆனால் பாடப்புத்தகம் சொல்லும் அளவுக்கு இல்லை. அந்தக் காலத்துப் பெரிய பீரங்கி மகா மெதுவு. 1528-இல் கங்கைக் கரையில் தன் பெரிய பீரங்கி முதல் நாள் 8 முறையும் மறுநாள் 16 முறையும் சுட்டதைப் பாபரே குறித்து வைத்திருக்கிறார். 1526 ஏப்ரலில் அவருக்குக் கைகொடுத்தது அணிவகுப்பு. வலப்பக்கம் பானிபட் ஊர். இடப்பக்கம் அகழியும் வெட்டிப்போட்ட மரக்கிளைகளும். நடுவில் ஏறக்குறைய 700 வண்டிகள், தோல் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஐந்தாறு தடுப்புப் பலகைகள், அவற்றின் மறைவில் துப்பாக்கிக்காரர்கள். அம்பு போய் விழும் தூரத்துக்கு ஒன்றாக, நூறு குதிரைவீரர்கள் ஒரே வீச்சில் வெளியே பாய்கிற அகலத்தில் இடைவெளி விட்டிருந்தார்கள். டெல்லி சுல்தான் இப்ராஹிம் லோடியின் பெரும்படை இந்தக் குறுகிய முகப்பில் வந்து முட்டி நெரிபட்டது. இரு ஓரங்களிலும் காத்திருந்த குதிரைப் பிரிவுகள் அதைச் சுற்றிவளைத்துப் பின்னாலிருந்து அம்பு எய்தன. நண்பகலுக்குள் போர் முடிந்தது.

கேள்வி: சித்தோர் முற்றுகையில் அக்பர் வைத்த வெடி அவர் ஆட்களையே கொன்றதாமே?

பதில்: ஆம், 1567 டிசம்பரில். ராஜபுத்திரர்களின் அந்தக் கோட்டையின் மதில் அடிவரை சுரங்கம் தோண்டி இரண்டு இடங்களில் வெடிமருந்தை அடைத்தார்கள்: ஒன்றில் 120 மன், இன்னொன்றில் 80 மன். அக்பர் காலத்து ஒரு மன் ஏறக்குறைய 25 கிலோ. அதாவது 3 டன்னும் 2 டன்னும். இரண்டும் ஒன்றாக வெடிக்கும் என்பது கணக்கு. ஒரு திரி பிந்திவிட்டது. முதல் வெடியில் மதில் பிளந்ததும், இரண்டாவது இன்னும் வெடிக்கவில்லை என்பதை அறியாத வீரர்கள் பிளவுக்குள் ஓடினார்கள். அப்போதுதான் அது வெடித்தது. முகலாயர் பக்கம் மட்டும் சுமார் 200 பேர் செத்தார்கள். கோட்டைக்காரர்கள் உடைப்பை அடைத்துக்கொண்டார்கள்.

பிறகு நம்பிக்கை முழுக்க சாபாத் மேல் போயிற்று. துப்பாக்கிக் குண்டு எட்டாத தூரத்தில் தொடங்கி, இருபுறமும் மண்சுவர் எழுப்பி, மேலே பலகையும் தோலும் போட்டு மூடிக்கொண்டே மதிலை நோக்கி வளைந்து வளைந்து நீளும் பாதை அது. உள்ளே பத்துக் குதிரைவீரர்கள் பக்கவாட்டில் வரிசையாகப் போகலாம், ஈட்டி ஏந்தி யானைமேல் இருப்பவனுக்கும் தலை தட்டாது. கட்டிய கூலியாட்கள் தோல் கேடயத்தின் மறைவில்தான் வேலை செய்தார்கள். அப்படியும் நாளுக்கு நூறு, இருநூறு பேர் மடிந்ததாக அக்கால வரலாறுகள் சொல்கின்றன. 1568 பிப்ரவரியில் கோட்டை விழுந்தது. அதன்பின் நடந்த படுகொலையை அக்பரைப் புகழ்கிறவர்களாலும் மறைக்க முடியவில்லை.

கேள்வி: செஞ்சியைப் பிடிக்க ஏன் எட்டு வருடம் ஆயிற்று?

பதில்: மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் மதிலையும் முழுதாக வளைத்து அடைக்கும் அளவுக்கு ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கானிடம் ஆள் இல்லை. உள்ளே இருந்தவர் மராத்திய மன்னர் ராஜாராம். முற்றுகை 1690-இல் தொடங்கியது. மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வந்து தானிய வரத்தை அறுத்ததும், பட்டினி கிடந்தது முற்றுகையிட்ட படை. 1693 தொடக்கத்தில் அது வந்தவாசிக்குப் பின்வாங்கியது. போதாக்குறைக்கு ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் எதிரியோடு ரகசியமாகப் பேசி, சொந்தப் படைத்தளபதிகளாலேயே காவலில் வைக்கப்பட்டார். 1698-இல் கோட்டை வீழ்ந்தபோது ராஜாராம் அங்கே இல்லை.

கேள்வி: "ஐயாயிரம் மன்சப்" என்றால் 5,000 குதிரைவீரர்களா?

பதில்: இல்லை. மன்சப் என்பது முகலாய அதிகாரியின் பதவித் தரம். அதற்கு இரண்டு எண்கள் உண்டு. ஜாத் என்பது அந்தஸ்தையும் சொந்தச் சம்பளத்தையும் காட்டும். சவார்தான் படைக்கணக்கு. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஷாஜகான் விதிப்படி, ஜாகீர் (சம்பளத்துக்காக வரி வசூலிக்க ஒதுக்கிய நிலப்பகுதி) இருக்கும் மாகாணத்திலேயே பணி என்றால் மூன்றில் ஒரு பங்கு ஆட்களைக் காட்டவேண்டும், வேறு மாகாணம் என்றால் நான்கில் ஒரு பங்கு, பால்க் (இன்றைய வட ஆப்கானிஸ்தான்) படையெடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக 5,000 ஜாத், 3,000 சவார் உள்ளவர் கொண்டுவரவேண்டியது 1,000 அல்லது 750, பால்க் என்றால் வெறும் 600.

குதிரைக்குக் கணக்கு வேறு. அக்பர் காலத்து விதி பத்து ஆளுக்கு இருபது குதிரை: மூவருக்கு மும்மூன்று, நால்வருக்கு இரண்டிரண்டு, மீதி மூவருக்கு ஒவ்வொன்று. ஒற்றைக் குதிரைக்காரனின் குதிரை வழியில் செத்தால் அவன் காலாள்தான், அதனால் மாற்றுக் குதிரை கட்டாயம். திருட்டும் இதில்தான் நடந்தது. கணக்கெடுக்கும் நாளில் இரவல் குதிரையும் கூலிக்குப் பிடித்த ஆளும் வந்து நின்றன. அதைத் தடுக்கவே குதிரைக்குச் சூட்டுக்குறி, ஆளுக்கு அங்க அடையாளப் பதிவேடு.

ஆனால் பதிவேட்டால் தீராத சிக்கல் ஒன்று இருந்தது. ஜாகீருக்குக் காகிதத்தில் மதிப்பிட்ட வருமானம் வேறு, கைக்கு வந்தது வேறு. எனவே ஆண்டுச் சம்பளத்தையே 8 மாதம், 6 மாதம் என்று மாதக்கணக்கில் குறைத்து எழுதினார்கள், வைக்கவேண்டிய குதிரையும் அதற்கேற்பக் குறைந்தது. தக்காணத்தில் மராத்தியர் வரியில் ஒரு பங்கை வசூலிக்கத் தொடங்கியபின், அந்தக் குறைத்த எண்ணிக்கையைக்கூட நிரப்பமுடியாத மன்சப்தார்கள் பெருகினார்கள்.