கண்ணாடிக்குப் பின்னால் தங்கம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கண்ணாடிப் பலகையின் பின்புறத்தில் தங்க எழுத்து பதிக்கும் வேலை பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

லண்டனின் பழைய மதுக்கூடங்களில் எழுத்துகள் முகம் பார்க்கும் கண்ணாடிபோல மின்னுகின்றனவே, அது பெயின்டா?

இல்லை, அசல் தங்கம். ஹோல்போர்னில் உள்ள ‘பிரின்சஸ் லூயிஸ்’ மதுக்கூடத்தில் 1891ஆம் ஆண்டு வேலைப்பாடு இன்னும் நிற்கிறது. தங்க ரேக்கின், அதாவது அடித்து மெலிதாக்கிய தங்கத் தாளின், கனம் மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பச்சையாகத் தெரியும். கண்ணாடியின் வழவழப்பில் அது அப்படியே படிந்துவிடுவதால்தான் அந்த மினுக்கு. தங்கநிற பெயின்டை எத்தனை முறை பூசினாலும் இது வராது.

என்ன பசை, ஐயா?

ஜெலட்டின்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் காலிக் கேப்சூல் ஒன்றை அரை லிட்டர் வெந்நீரில் கரைத்தால் போதும். காய்ச்சி வடித்த நீராக இருக்கட்டும். பசை கூடினால் தங்கம் மங்கும். அணில் மயிர்த் தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தடவுங்கள். அந்தச் சிறு பிசுக்கே ரேக்கைத் தூக்கிவிடும். ஈரக் கண்ணாடியை நெருங்கியதும் அது தானாகத் தாவி ஒட்டிக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். என் முதல் ரேக் அலமாரிக்குப் பின்னால் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் சைவம். ஜெலட்டின் இல்லாமல் முடியாதா?

எண்ணெய்ப் பசையில் ஒட்டலாம். ஆனால் மினுக்கு போய், பட்டுத் துணிபோல மங்கிய தங்கம்தான் தெரியும். அதையும் குறையாக நினைக்க வேண்டாம். தேர்ந்த கைகள் எழுத்தின் ஓரத்தை ஜெலட்டினிலும் நடுப்பகுதியை எண்ணெய்ப் பசையிலும் வேண்டுமென்றே பதிப்பார்கள்.

எழுத்தை இடவலம் மாற்றித்தான் எழுத வேண்டுமா?

ஆம். தாளில் நேராக வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு வையுங்கள். எழுத்தைவிட அகலமாகத் தங்கம் ஒட்டி, காய்ந்தபின் இடைவெளிகளை மறைக்க இரண்டாவது முறையும் ஒட்டுங்கள். அதன்மேல் துளையிட்ட தாளைத் திருப்பிப் போட்டுச் சுண்ணப்பொடி தட்டி, அந்தத் தடத்தில் கறுப்பு எனாமலால் எழுத்தை எழுதிக் காயவிட்டு, மிஞ்சிய தங்கத்தை ஈரப்பஞ்சால் துடைத்துவிடலாம். ஒரு கடைக்கு எழுதியபோது எல்லா எழுத்தையும் திருப்பிய நான், தொலைபேசி எண்ணில் ஒரு 3ஐ மட்டும் நேராக எழுதிவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்பக்கம் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த வரி முழுவதையும் சுரண்ட வேண்டியதாயிற்று.

தஞ்சாவூர் ஓவியமும் இதுவும் ஒன்றா?

பலாப்பலகைத் தஞ்சாவூர் ஓவியத்தில் புடைத்த பூச்சின்மேல், முன்புறமிருந்தே தங்கம் ஒட்டப்படுகிறது. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம்தான் எங்கள் வேலைக்குப் பங்காளி. கண்ணின் கருமணியும் நகையும் முதலில், பின்னணி கடைசியில் என்று அங்கேயும் வரிசை தலைகீழ். முதல் கோடு பிழைத்தால் பிறகு திருத்த வழியில்லை.

கைவினைக் கடையில் மலிவாகத் தங்கத் தாள் விற்கிறார்களே?

அது பித்தளை, நாளாக நாளாகக் கறுக்கும். 23 காரட் ரேக், ஏடாக 25 தாள் கொண்டது, வாங்குங்கள். தாளோடு ஒட்டி வருவது வேண்டாம், உதிரியாகக் கேளுங்கள்.

வீட்டிலேயே அமிலத்தால் கண்ணாடியை அரித்துப் பூவேலை செய்யலாமா?

கூடாது. கண்ணாடியை அரிப்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். நீர்த்ததாக இருந்தால் தோலில் பட்டவுடன் எரியாது, அதுதான் ஆபத்து. உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயமே நின்றுபோகலாம். வேறு வழி இருக்கிறது. மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கிய கண்ணாடியில் சூடான வஜ்ரத்தை (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) தடவிக் காயவிடுங்கள். அது சுருங்கும்போது கண்ணாடியின் மேல்தோலைப் பெயர்த்தெடுத்து, பெரணி இலை போன்ற கோலத்தை விட்டுச்செல்லும். சில்லுகள் தெறிக்கும், கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

தாத்தா கடையின் தங்க எழுத்துப் பலகை இருக்கிறது. எப்படித் துடைப்பது?

முன்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கலாம். ஓரம் வழியாகத் தண்ணீர் பின்னால் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் உதிர்ந்திருந்தால் தூசியைக்கூடத் தட்ட வேண்டாம். அப்படியே சட்டத்தில் போட்டு, சுவரில் ஈரம் ஏறாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள்.