தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து வார இறுதிகளில் ஆர்மா 3 என்ற கணினிப் போர் விளையாட்டை விளையாடுகிறோம். அதை இன்னும் நிஜமாக்கும் ஏஸ் 3 என்ற கூடுதல் மென்பொருளையும் (mod) போட்டிருக்கிறோம். எங்கள் துப்பாக்கிகளுக்கு ஒரே 5.56 மி.மீ. அளவிலேயே எம்855, எம்கே262, எம்கே318, எம்995, ஒளிக்கோடு விட்டுச் செல்லும் டிரேசர் என்று பலவகைத் தோட்டாக்கள் நிரப்பிய மேகசின்கள் கிடைக்கின்றன. கவசத்தைத் துளைப்பதுதான் வலிமையானது என்று எண்ணி நான் எப்போதும் எம்995-ஐயே எடுக்கிறேன். ஆனாலும் 400 மீட்டருக்கு அப்பால் நிற்கும் எதிரி இரண்டு மூன்று குண்டுகள் பட்டும் விழுவதில்லை. எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? முனையில் துளையுள்ள எம்கே262 தடைசெய்யப்பட்ட டம்டம் குண்டு என்று ஒரு நண்பர் சொல்கிறார், அது உண்மையா?

அன்புடன்,
செந்தில்

அன்புள்ள செந்தில்,

கவசத்தைத் துளைக்கும் திறனையும் உடலுக்கு விளைவிக்கும் சேதத்தையும் நீங்கள் ஒன்றாகக் கருதுகிறீர்கள். ஆர்மாவில் இவை இரண்டும் தனித்தனி எண்கள். ஒவ்வொரு குண்டுக்கும் 'ஹிட்' என்றொரு மதிப்பு உண்டு, அது சேதத்தைக் குறிக்கும். 'கேலிபர்' என்றொரு மதிப்பு உண்டு, பெயர் அப்படி இருந்தாலும் அது குண்டின் விட்டத்தை அல்ல, துளைக்கும் திறனையே குறிக்கும். எம்995-இன் உள்ளே இருப்பது டங்ஸ்டன் கார்பைடு. எஃகுத் தகட்டையும் சுவரையும் கடப்பதில் அதற்கு இணை இல்லை. ஆனால் கவசமில்லாத கையிலோ தொடையிலோ படும்போது அந்தக் கடினமான உட்கருவால் உங்களுக்கு எந்த ஆதாயமும் கிடையாது. ஆகவே எதிரில் நிற்பவர் யார் என்பதே முதல் கேள்வி. விளையாட்டில் எதிரிகளாக வரும் சிசாட் படையினரின் சீருடையே ஓரளவு பாதுகாப்புத் தருவது என்பதால் அவர்களை எதிர்கொள்ளும்போது எம்995-க்குப் பொருள் உண்டு. கவசம் குறைந்த கெரில்லாக்களை எதிர்கொள்ளும்போது அது வீண்.

400 மீட்டர் சிக்கலுக்குக் காரணம் வேகம். இலக்கை அடையும்போது குண்டின் வேகம் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதற்கேற்ப ஹிட் மதிப்பும் குறையும்படி ஆர்மா கணக்கிடுகிறது. கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவை மாதிரியாகக் கொண்ட ஆல்டிஸ் என்ற விளையாட்டுக் களத்தில் வெட்டவெளி மிகுதி. அங்கே 400, 500 மீட்டர் என்பது அன்றாடத் தூரம். எம்855-இன் குண்டு ஏறத்தாழ 4 கிராம். எம்கே262-இன் குண்டு 5 கிராம், நீளமும் அதிகம். கனமான, நீளமான குண்டு புறப்படும்போது சற்று மெதுவாகப் புறப்பட்டாலும் காற்றில் வேகத்தைக் குறைவாகவே இழக்கும், பக்கக் காற்றில் விலகுவதும் குறைவு. இந்த வேறுபாட்டை முழுமையாக உணர குண்டின் பாதையை நுணுக்கமாகக் கணக்கிடும், ஏஸின் அட்வான்ஸ்டு பாலிஸ்டிக்ஸ் அமைப்பை இயக்கியிருக்க வேண்டும். அது தானாக இயங்குவதில்லை. இயக்கிவிட்டால் குழலின் நீளமும் கணக்கில் வந்துவிடும்.

குழலின் நீளம் உண்மையான ராணுவங்களிலும் பெரும் விவாதத்துக்குரிய பொருளாகவே இருந்திருக்கிறது. எம்855 வகை 1980-இல் நேட்டோவின் பொது அளவாக ஏற்கப்பட்டபோது, அமெரிக்காவின் எம்16 துப்பாக்கியின் 20 அங்குலக் குழலே பெருவழக்கு. பின்னர் அதைவிடக் குட்டையான எம்4 துப்பாக்கியின் 14.5 அங்குலக் குழல் பரவலானபோது, குண்டு வெளியேறும் வேகம் குறைந்து, எவ்வளவு தூரத்தில் நிற்பவர்வரை அது உடலுக்குள் உடைந்து சிதறும் என்ற எல்லையும் சுருங்கியது. குட்டைக் குழலுக்கென்றே எம்கே318-உம், 2010-இல் எம்855-இன் மேம்பட்ட வடிவமான எம்855ஏ1-உம் வந்ததற்கு இந்தக் குறை ஒரு முக்கியக் காரணம். ஆனால் குண்டு உடலுக்குள் புரளுவதையும் உடைவதையும் ஆர்மா காட்டுவதில்லை. அந்த விவாதங்களைப் படித்துவிட்டு வருபவர்கள் நிஜத்தின் தீர்ப்புகளை அப்படியே விளையாட்டுக்குள் கொண்டுவந்து ஏமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

டிரேசரை அணித்தலைவர் மட்டும், இலக்கைச் சுட்டிக்காட்ட ஒரு மேகசின் வைத்திருந்தால் போதும். அந்த ஒளிக்கோடு எதிரிக்கும் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் நண்பர் சொன்னது சரியல்ல. டம்டம் குண்டு 1890-களில் கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில் உருவானது. முனையில் குண்டைச் சுற்றியுள்ள உலோக உறையை நீக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டதால், உடலில் பட்டதும் அது விரிந்தது. அப்படி விரியும் குண்டுகளைத்தான் 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடைசெய்தது. எம்கே262-இன் துளை தயாரிப்பு முறையால் வருவது. வழக்கமான ராணுவக் குண்டில் உறையின் அடிப்பகுதி திறந்திருக்கும்; இதில் அடிப்பகுதியை மூடி, முனை வழியாக ஈயத்தை இட்டுக் கூராக்குகிறார்கள், அப்போது முனையில் ஊசித்துளை எஞ்சிவிடுகிறது. அடிப்பகுதி சீராக அமைவதால் குறி துல்லியமாகிறது. விரிவதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல என்ற அடிப்படையில்தான் அமெரிக்க ராணுவத்தின் சட்டப் பிரிவு இவ்வகைக் குண்டை ஏற்றுக்கொண்டது.

நீங்கள் ஆல்டிஸின் வெட்டவெளியில் ஆடுவதாக இருந்தால் எம்கே262-ஐ முதன்மையாக வைத்துக்கொண்டு, எம்995-இல் இரண்டு மேகசின்களைத் தனியே ஒதுக்குங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சுடாதீர்கள். ஒன்றுக்கு ஏற்பக் குறியைச் சரிசெய்த (ஜீரோ செய்த) ஸ்கோப்பில் மற்றொன்று 400 மீட்டரில் வேறிடத்தில் போய்ப் படும். களத்துக்குச் செல்லும் முன்பு அதே துப்பாக்கியால், அதே தூரத்தில் இரண்டு வகையிலும் பத்துப் பத்துக் குண்டுகள் சுட்டுப் பார்த்து, எவ்வளவு உயர்த்திக் குறிவைக்க வேண்டியிருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.