ஊட்டிப் பக்கம் ஓட்டும் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் காரை ரீமேப் செய்யலாமா? இன்ஜினுக்குப் பாதுகாப்பா, காசுக்குத் தகுமா?

ரீமேப் என்பது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரில் (ஈசியு) கம்பெனி எழுதி வைத்த கணக்கை, அதாவது மேப்பை, கூடுதல் பவருக்காக மாற்றி எழுதுவது. மலையிலேயே ஓட்டுபவர் என்றால் செய்யாதீர்கள். கோவை, திருப்பூர்க்காரர்கள் இதற்கு வேறு பதில் சொல்வார்கள். அவர்கள் சொல்வதும் பொய் இல்லை. சமவெளியிலும் மலையிலும் ரீமேப் செய்த காரை ஓட்டிப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

உங்களுக்கு என்ன எரிச்சல் என்று எனக்குத் தெரியும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் திரும்பி ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி, இரண்டு நொடி ஒன்றுமே நடக்காது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிப்பார். அப்புறம், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ எழுந்ததும், திடீரென்று இழுக்கும். அந்த இரண்டு நொடியைப் போக்கத்தான் நானும் போனேன்.

என்னுடையது மூன்று சிலிண்டர், மேனுவல் கியர். கம்பெனிக் கணக்கில் 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). கார் பெயர் வேண்டாம், தப்பு காரில் இல்லை. வீடு கோத்தகிரி, வேலை ஊட்டி. தினமும் போக வர அறுபது கிலோமீட்டர், எல்லாம் ஏற்ற இறக்கம். கோவையில் ஒரு டியூனர் 35,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, லேப்டாப்பை மாட்டி இரண்டு மணி நேரத்தில் முடித்தார். 135 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் வரும் என்றார். "மலைக்கு இன்னும் சூப்பரா இருக்கும்ங்கண்ணா" என்றார். நான் நம்பினேன்.

மேட்டுப்பாளையம் வரை சொன்னபடியே இருந்தது. மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டியது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பத்து நாள் கழித்து அம்மாவைக் கண் பரிசோதனைக்கு ஊட்டிக்கு அழைத்துப் போனேன். கட்டபெட்டு தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறேன், நல்ல பனிமூட்டம். லாரியை முந்த மூன்றாவது கியரிலேயே அழுத்தினேன். இன்ஜினுக்குள் சின்னக் கூழாங்கற்களை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். அடுத்த நொடி டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. வண்டி செத்துவிட்டது. ஆஃப் ஆகவில்லை, ஆனால் எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்தது. இன்ஜினைக் காப்பாற்ற ஈசியு பவரைக் குறைத்துவிடும் இந்த நிலையை லிம்ப் மோடு என்பார்கள். லாரிக்குப் பக்கவாட்டில் பாதி தூரம் ஏறியிருந்தேன், எதிரே ஒரு ஜீப்பின் விளக்கு தெரிந்தது. பிரேக் போட்டு லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முன்னால் இருந்த கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டார். எனக்கு இன்றைக்கும் நினைவிருப்பது அந்தக் கைதான்.

கோத்தகிரியில் எங்கள் வண்டிகளை இருபது வருடமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரை மாட்டினார். கோட் பி0299. ஈசியு கேட்ட அளவு அழுத்தத்தை டர்போவால் தர முடியவில்லை என்று அர்த்தம். "தம்பி, கம்ப்யூட்டரை அப்புறம் பார்ப்போம். எந்த பெட்ரோல் போட்டே?" என்று கேட்டார். அப்போது போட்டது சாதாரண 91 ஆக்டேன்தான். ஆக்டேன் என்பது சூட்டிலும் அழுத்தத்திலும் பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு. அந்த மேப்போ 95க்கு மேல் ஆக்டேன் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. டியூனர் அதை என்னிடம் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

அதன்பிறகு நான் ஈசியுவின் அளவுகளைப் படிக்கும் ஓபிடி டாங்கிள் என்ற சின்னக் கருவியை வாங்கி, ஒரு மாதம் தினமும் அவற்றைப் பதிவு செய்து லாக் எடுத்தேன். இதை யாரும் செய்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240. ஊட்டியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கோவையில் வெளிக்காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் இன்ஜினுக்குள் கிடைக்கும் அழுத்தம், ஊட்டியில் கிடைக்க இரண்டரை மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். இவ்வளவு சின்ன டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று அளவில் சுற்றக்கூடியது. கம்பெனி மேப்பில் உயரம் ஏற ஏற அழுத்த இலக்கைக் குறைத்து, டர்போ அளவுமீறிச் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும் கணக்கு இருக்கும். என் டியூனர் இலக்கை ஏற்றினார், அந்தக் கணக்கைத் தளர்த்திவிட்டார். அவர் சோதனை ஓட்டம் போனது அவிநாசி ரோட்டில், அதாவது சமவெளியில்.

"ஊட்டியில்தான் குளிராச்சே, டர்போவுக்கு நல்லதுதானே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். முப்பது டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் வரும் சூட்டைவிட, பதினைந்து டிகிரிக் காற்றை இரண்டரை மடங்கு அழுத்தினால் வரும் சூடு அதிகம். அந்தச் சூட்டோடு குறைந்த ஆக்டேன் பெட்ரோலும் சேர்ந்தால் நாக்கிங் வரும், அதாவது பொறி விழுந்த பிறகு இன்னும் எரியாத கலவை தானாக வெடிக்கும். நான் கேட்ட கூழாங்கல் சத்தம் அதுதான். 1,800 ஆர்பிஎம்மில் மூன்றாவது கியரில் மிதித்தபோதெல்லாம் ஈசியு இக்னிஷனை, அதாவது பொறி விழும் நேரத்தை, ஆறு, ஏழு டிகிரி பின்னுக்கு இழுத்தது என் லாக்கில் பதிவாகியிருக்கிறது. அப்படி இழுக்கும்போது காசு கொடுத்து வாங்கிய பவரும் கூடவே போய்விடுகிறது. கீழே நான் உணர்ந்த வித்தியாசத்தில் பாதிகூட மேலே இல்லை.

இன்னொரு ஆபத்து நாக்கிங்கைவிட மோசமானது. குறைந்த ஆர்பிஎம்மில் பெரிய பாரம் ஏற்றும்போது, நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் பொறி விழும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு தடவை பலமாக நடந்தால்கூடப் பிஸ்டன் உடையலாம். 2018இல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் வந்த எஸ்பி ஆயில் தரங்கள் இதையும் மனதில் வைத்து வந்தவை. மலையேற்றத்தில் சோம்பலாக உயர் கியரில் மிதிப்பது என்பது நாமே இதை அழைப்பது மாதிரி. ரீமேப் அந்த இடத்தில்தான் டார்க்கை ஏற்றுகிறது.

சரி, அந்த இரண்டு நொடித் தாமதம்? அது போகவே இல்லை. டர்போ எழும் வரை உங்களிடம் இருப்பது முக்கால் பங்குக் காற்றைக் குடிக்கும் 1,000 சிசி இன்ஜின், அதாவது கிட்டத்தட்ட 760 சிசி கார். ரீமேப் டர்போ எழுந்த பிறகு கிடைப்பதைக் கூட்டுகிறது, எழுவதற்கு முன் இருக்கும் பள்ளத்தை அது நிரப்புவதில்லை. நாலு பேர் ஏறியிருந்தால் வளைவில் கூச்சப்படாமல் முதல் கியருக்கு வாருங்கள், 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே விடாதீர்கள். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். எனக்கு இதில் கிடைத்த பலன் 35,000 ரூபாயில் கிடைக்கவில்லை.

ரீமேப்பைத் திருப்பி எடுக்க மூன்று முறை கோவை போனேன். முதல் இரண்டு முறையும் "மேப்பைக் கொஞ்சம் மாத்தித் தரேன்" என்றே அனுப்பினார்கள். அதில் சொல்லியே ஆக வேண்டிய வேதனை ஒன்று உண்டு. கார் பழசாகக் கோவையில் வாங்கியது, நம்பர் டிஎன் 38. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு இ-பாஸ். உள்ளூர் டிஎன் 43 வண்டிக்குத் தேவையில்லை. பிறந்ததிலிருந்து கோத்தகிரியில் இருக்கும் என்னை, என் வீட்டுக்குப் போகும் வழியில், இரவு பத்து மணிக்குச் சாவடியில் நிறுத்தி "எத்தனை நாள் தங்குவீங்க?" என்று கேட்டார்கள். ஆதார் கார்டைக் காட்டினேன், ரேஷன் கார்டின் போட்டோவைக் காட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். மலையில் நெரிசலைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை, சீசனில் அந்தத் தவிப்பை அனுபவிப்பவர்கள் நாங்கள்தான். ஆனால் நம்பர் பிளேட்டை வைத்து ஒருவனை ஊர்க்காரனா இல்லையா என்று முடிவு செய்வது எனக்கு வலித்தது. உள்ளூர்வாசி அனுமதி வாங்க அதற்கும் ஒரு நாள் லீவு போட்டேன்.

டியூனர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. சமவெளியில் ஓட்டி, நல்ல ஆக்டேன் பெட்ரோல் தவறாமல் போட்டு, ஆயிலைச் சீக்கிரம் மாற்றி, ஐம்பதாயிரம் கிலோமீட்டர் நிம்மதியாக ஓட்டிய நண்பர் எனக்கு இருக்கிறார். ஆனால் வாரண்டி உள்ள கார் என்றால் அதை மறந்துவிடுங்கள். மேப்பைத் திருப்பி எழுதினாலும் ஈசியுவில் தடம் தங்கக்கூடும். இன்சூரன்ஸிடம் மறைத்தால் விபத்து நடந்த நாளில் அது உங்கள் தலையில் விடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்தே தீருவேன் என்றால், டியூனரைக் காரில் உட்காரவைத்து தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏறுங்கள். அங்கே லாக் எடுத்து, அங்கே கிடைக்கும் பெட்ரோலுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றும் பாருங்கள். என்னுடையது ரீமேப்புக்குப் பிறகு நான்காவது மாதமே நழுவ ஆரம்பித்தது, மாற்ற 22,000 ஆயிற்று. கிளட்ச் ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்கலாம், முழுப்பழியையும் ரீமேப் மேல் போட மாட்டேன்.

இப்போது கம்பெனி மேப்பில்தான் ஓட்டுகிறேன். அம்மாவின் அடுத்த கண் பரிசோதனைக்கும் அதே ரோட்டில், அதே லாரிகளுக்குப் பின்னால் போய் வந்தோம். உங்கள் கார் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, எவ்வளவு ஓடியிருக்கிறது என்று எழுதுங்கள். என் லாக் கோப்புகளை அனுப்புகிறேன், உங்கள் காரின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.