ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை ஏன் காயவில்லை?

கேள்வி: என் மகனிடமுள்ள ஆறு அங்குல ஸ்பைடர்மேன் பொம்மைக்கு, அவன் ஆசைப்பட்டபடி கறுப்பு உடை தீட்டிக் கொடுத்தேன். கதவுக்கு அடித்து மிஞ்சிய இனாமல் பெயின்டைத்தான் பயன்படுத்தினேன். மூன்று வாரமாகியும் விரலில் ஒட்டுகிறது. முழங்காலை மடக்கினால் உரிந்து, உள்ளிருக்கும் நீலம் தெரிகிறது. மழைதான் காரணமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: மழைக்கும் பங்குண்டு, ஆனால் முதற்காரணம் அந்த இனாமல்தான். இத்தகைய பொம்மைகளின் கை, கால்கள் பெரும்பாலும் மென்மையான பீ.வீ.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை, அதை வளையச் செய்வதற்காகச் சேர்க்கப்படும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மேலே கசிந்து இனாமலுடன் கலப்பதால், அது மாதக்கணக்கானாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். வெயிலில் வைத்தாலும் பயனில்லை. முழுவதையும் அகற்றத்தான் வேண்டும். ஐசோபுரொப்பைல் அல்ககோலைப் பஞ்சில் நனைத்து, முதலில் பாதத்தின் அடியில் சோதித்துப் பார்த்த பின்னர், பழைய பல்துலக்கியால் பொறுமையாகத் தேய்த்தெடுங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவத்தை மட்டும் தொடாதீர்கள். அதிலுள்ள அசிட்டோன், மூட்டுகளில் இருக்கும் கடினமான பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் பொம்மையைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, அக்ரிலிக் பெயின்டை நீர்த்த பதத்தில் மூன்று நான்கு முறை மெல்லிய பூச்சுகளாகத் தீட்டுங்கள். ஒரே தடவையில் கனமாக அப்பினால் முகத்தின் வலைக்கோடுகள் மூழ்கிப்போகும். மஸ்கெலியாவின் பனிமூட்டத்தில் ஒவ்வொரு பூச்சுக்கும் ஓர் இரவாவது விடுவது நல்லது. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றுடன் பொம்மையை பிஸ்கட் டின் ஒன்றில் வைத்தால் ஈரமும் தூசியும் அண்டா. அடுப்படியில் காயவைக்க வேண்டாம். புகைக்கரி படிவதோடு கை, கால்களும் கோணிப்போகும். திம்புள்ளப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் வீசும் வறண்ட காற்றில் தேயிலைக்கு மணம் கூடுமென்பது நம்மவர் அறிந்ததே. பெயின்ட் வேலைக்கும் அந்த மாதங்களே உகந்தவை. ஈரக்காற்றில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் கறுப்பின்மேல் வெண்படலம் படியும் என்பதால், தூரிகையால் பூசும் அக்ரிலிக் மேட் வார்னிஷே நமக்குப் பாதுகாப்பானது.

மூட்டு உரிவதற்குக் காரணம் வேறு. ஒன்றோடொன்று உரசும் இரு பரப்புகளுக்கிடையே பெயின்டின் கனத்துக்கு இடமே இல்லை. கொதிநீரில் ஓரிரு நிமிடம் அமிழ்த்தினால் (நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், அதுவே போதும்) பீ.வீ.சி. இளகி, பல பொம்மைகளின் மூட்டுகள் கழன்று வரும். வராவிட்டால் இழுக்காதீர்கள், மூட்டை இணைக்கும் ஊசி முறிந்துவிடும். இதைப் பெரியவர்களே செய்ய வேண்டும். உரசும் இடங்களை 400 இலக்க சாண்ட் பேப்பரால் சற்றுத் தேய்த்த பின்னரே தீட்டுங்கள். என்னைக் கேட்டால், அடுத்த முறை மூட்டுகள் ஏற்கெனவே கறுப்பாக உள்ள மலிவான பொம்மையொன்றை வாங்கி, மற்ற இடங்களை மட்டும் மாற்றுவதே புத்திசாலித்தனம். மகனின் விருப்பத்தில் பிழையில்லை: 1962 இல் சிவப்பும் நீலமுமாகத் தோன்றிய அந்த வீரர், 1984 இலேயே சித்திரக்கதையில் கறுப்பு உடை அணிந்தவர்தான்.

கேள்வி: சூப்பர்மேன் பொம்மைக்குத் துணியில் மேலங்கி தைத்தேன். விறைப்பாகப் பலகைபோல் நிற்கிறதே?
– வாசகர், பண்டாரவளை

பதில்: ஆறு அங்குலப் பொம்மை ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுடையது, ஆகவே ஒரு மில்லிமீற்றர் கனமுள்ள துணி, அதன் தோளில் பன்னிரண்டு மில்லிமீற்றர் கம்பளியாகத்தான் தெரியும். உடைந்த குடையின் சீலையை வெட்டிப் பாருங்கள். நம் ஊரில் அதற்கா பஞ்சம்! பழைய டெலிபோன் வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பியை விளிம்பு மடிப்பினுள் செருகித் தைத்தால், காற்றில் பறப்பதுபோல் வளைத்து நிறுத்தலாம்.